பின்னால் வந்த குரல்

எங்கள் கூடைப்பந்தாட்ட அணியில் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவது குறைவு. முதுகில் இருக்கும் இலக்கம்தான் பெயர். நான் நாலு. இந்தக் கட்டுரையில் வரும் என் தோழி ஒன்பது. எழுதப் போகிறேன் என்று சொன்னபோது, "பேரப் போடாதே, ஒம்பது எண்டே எழுது. விளங்குறவங்களுக்கு விளங்கும்" என்றாள்.

சென்ற வருடம் வலயமட்ட இறுதிப் போட்டியில் 32க்கு 31 என்று ஒரு புள்ளியால் தோற்றோம். அது கல்லூரியில் எல்லோருக்கும் தெரியும். காலைக் கூட்டத்தில் எங்களை மேடைக்கு அழைத்து ஆறுதல்கூடச் சொன்னார்கள். ஆனால், அந்தப் போட்டியின் கடைசி எட்டு செக்கன்களில் உண்மையில் என்ன நடந்தது என்பது இரண்டு பேருக்கு மட்டுமே தெரியும். ஒன்று நான். மற்றவளுக்கு நான் சொன்னதும் பல வாரங்கள் கழித்துத்தான்.

நான் பொயின்ட் கார்ட். எதிரணி பந்தைப் போட்டதும் அதை வாங்கி, தட்டிக்கொண்டு மறுபக்கம் கொண்டு போவது என் வேலை. அன்று எதிரணி கடைசிக் கூடையைப் போட்டபோது எங்களிடம் டைம் அவுட் மிச்சமிருக்கவில்லை. ஒன்பது பந்தை எடுத்துக் கோட்டுக்கு வெளியே நின்று எனக்கு எறிந்தாள். ஓடினேன். நடுக்கோட்டைத் தாண்டியதும் இரண்டு பேர் வந்து என்னை வலது ஓரக்கோட்டோடு சேர்த்து மறித்தார்கள். அப்போது பின்னாலிருந்து, "நாலு! நாலு! நாலு!" என்று சத்தம் கேட்டது. ஒன்பதின் சத்தம். பந்தை உள்ளே எறிந்துவிட்டு என் பின்னால் வந்துகொண்டிருந்தாள். அவளோடு எதிரணியில் ஒருவருமில்லை.

நான் பந்தைக் கொடுக்கவில்லை. இரண்டு பேரின் நான்கு கைகளுக்கு மேலால் நானே எறிந்தேன். பந்து போர்டின் விளிம்பில் பட்டு வெளியே போனது. விசில்.

ஏன் கொடுக்கவில்லை? அதே கால்பகுதியில் ஒன்பது இரண்டு ஃப்ரீ த்ரோக்களைத் தவறவிட்டிருந்தாள். அது ஒரு காரணம். மற்றது, மைதான ஓரத்து மாமரத்துக்குக் கீழே வாப்பா நின்றுகொண்டிருந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கடையைப் பூட்டிவிட்டு என் போட்டி பார்க்க வந்திருந்தார். "ஏ லெவல் படிக்கிற காலத்துல பந்தும் கையுமாத் திரிய ஏலாது மகள். இதோட யோசிப்பம்" என்று அதற்கு முந்தைய கிழமைதான் சொல்லியிருந்தார். அந்த ஷொட் உள்ளே போனால், யோசிக்க வேண்டியிராது என்று நினைத்தேன். இரண்டில் எது பெரிய காரணம் என்று என்னைக் கேட்டால் ஃப்ரீ த்ரோவைச் சொல்லத்தான் ஆசை. ஆனால் மாமரம்தான்.

தண்ணீர்ப் போத்தல்கள் வைத்திருந்த இடத்தில் ஒன்பது மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டாள். "கூப்பிட்டேனே, கேக்கல்லயா?"

காதோடு இறுக்கிக் கட்டியிருந்த துணியைத் தொட்டுக் காட்டி, "கேக்கல்லடி. இதுக்குள்ள ஒண்டும் விளங்கல்ல" என்றேன்.

அவ்வளவுதான் பொய். மிகச் சின்னது. ஆனால், சின்னப் பொய் தனியாக நிற்பதில்லை என்பதை அடுத்து வந்த நாட்களில் கண்டேன். ஒன்பது அதை மிஸ்ஸிடம் சொன்னாள், குறையாக அல்ல, அக்கறையாக. மிஸ் ஒரு முழுப் பயிற்சியைக் கைதட்டிச் சைகை செய்யப் பழக்குவதற்கென்று ஒதுக்கினார். உம்மாவின் காதுக்கும் விடயம் போனது. "ஏன் மகள் இத முந்தியே சொல்லல்ல?" என்று கவலைப்பட்டார். வாப்பா பஜாரிலிருந்து துணி கொண்டுவந்தார். உம்மா இஷாத் தொழுதபிறகு மெஷினில் உட்கார்ந்து, காதுப் பக்கத்தில் மட்டும் மெல்லிய துணி வைத்து, மூடியதும் மூடியபடி இருக்க வேண்டும், சத்தமும் உள்ளே போக வேண்டும் என்று அளந்து அளந்து தைத்தார். எனக்கு ஒன்று மட்டுமல்ல. முழு அணிக்கும். பன்னிரண்டு.

தலையை மூடிக்கொண்டு கூடைப்பந்து விளையாடுவது எல்லாக் காலத்திலும் எங்களுக்கு இருப்பதுபோல் இலகுவாக இருக்கவில்லை. அமெரிக்காவின் மசசூசெட்ஸ் மாநிலத்தில் பில்கிஸ் அப்துல் காதிர் என்ற வீராங்கனை பாடசாலைக் காலத்தில் 3,000க்கும் மேற்பட்ட புள்ளிகள் எடுத்தவர். பிறகு மெம்பிஸ் பல்கலைக்கழகத்துக்கு ஆடினார். அந்த நாட்டின் முதற்பிரிவுப் பல்கலைக்கழகப் போட்டிகளில் ஹிஜாபுடன் ஆடிய முதல் பெண் அவர். ஆனால் பட்டம் பெற்று வெளியே வந்தபோது, தலையை மூடி ஆட முடியாது என்ற சர்வதேசச் சம்மேளனத்தின் விதி அவருடைய தொழில்முறை ஆட்டத்தை மறித்தது. அவரும் வேறு பலரும் குரல் கொடுத்து, 2017இல்தான் அந்த விதி மாறியது. அப்படிப் போராடிக் கிடைத்த துணியைத்தான் நான் பொய்க்குச் சாட்சியாகத் தொட்டுக் காட்டினேன்.

பல்கலைக்கழக விடுமுறையில் நானா வீட்டுக்கு வந்திருந்தார். எங்கள் வீட்டில் எனக்கு முன்பே கூடைப்பந்துப் பைத்தியம் பிடித்தவர் அவர். மைக்கல் ஜோர்டான் படித்த இடம் என்பதற்காக, ஒருநாளும் காணாத நோர்த் கரோலினா பல்கலைக்கழகத்தின் அணிக்கு ரசிகர். நான் முகம் வாடித் திரிவதைப் பார்த்துத் தோல்வியின் கவலை என்று நினைத்துவிட்டார். "ஒரு பொயின்ட்டால தோத்ததுக்கு இப்பிடியா? வா, எங்கட டீம் தோத்ததக் காட்டுறன்" என்று கைப்பேசியை எடுத்தார்.

முதலில் காட்டியது தோல்வி அல்ல, வெற்றி. 1982 இறுதிப் போட்டி, நோர்த் கரோலினாவும் ஜோர்ஜ்டவுனும். ஜோர்ஜ்டவுன் ஒரு புள்ளி முன்னால் நிற்கிறது. கரோலினாவின் பெரிய ஆட்டக்காரர் ஜேம்ஸ் வேர்தி. எதிரணியின் கண்ணெல்லாம் வளையத்துக்குக் கிட்ட, அவர் நிற்கும் பக்கம். பந்து அங்கே போகவில்லை. மறுபக்கத்தில் நின்ற முதலாம் வருட மாணவனுக்குப் போனது. அந்த மாணவன்தான் ஜோர்டான். உள்ளே போட்டுவிட்டார். 63க்கு 62. இன்னும் சில செக்கன்கள் இருந்தன. ஆனால் ஜோர்ஜ்டவுனின் ஃப்ரெட் பிரவுன் அவசரத்தில் தன் அணிக்காரர் என்று நினைத்து, வேர்தியின் கையிலேயே பந்தைக் கொடுத்துவிட்டார்!

அடுத்தது 1993. மிச்சிகன் அணி கரோலினாவை விட இரண்டு புள்ளிகள் பின்னால். 11 செக்கன்கள் இருக்கின்றன. மிச்சிகனின் மிகச் சிறந்த வீரர் கிறிஸ் வெபர் பந்தைக் கொண்டுவந்து மூலையில் மாட்டிக்கொள்கிறார். இரண்டு பேர் மறிக்கிறார்கள். கையைக் காட்டி டைம் அவுட் கேட்கிறார். அணியிடம் டைம் அவுட் மிச்சமில்லை. அதற்குத் தண்டனை. 77க்கு 71 என்று போட்டி முடிந்தது. நானா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஓரக்கோட்டோடு இரண்டு பேர் சேர்த்து மறிக்கும்போது மூளை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். கூட்டத்தின் இரைச்சல் கூடுகிறது, மைதானம் சுருங்கிப் போகிறது, உலகத்தில் உன்னையும் வளையத்தையும் தவிர வேறொன்றும் இல்லை என்பதுபோல் ஒரு மயக்கம்.

மூன்றாவதாகக் காட்டியதுதான் நானாவின் தோல்வி. 2016 ஏப்ரல் 4, ஹியூஸ்டன் நகரம், 74,000க்கும் மேற்பட்ட பார்வையாளர்கள். நோர்த் கரோலினாவுக்கு எதிரே பிலடெல்பியாவுக்கு அருகிலுள்ள வில்லனோவா பல்கலைக்கழகம். கடைசி ஐந்தாறு நிமிடங்களில் பத்துப் புள்ளி பின்னால் நின்ற கரோலினா, கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்து வந்து, மார்கஸ் பேஜ் அந்தரத்தில் பந்தை இறக்கி ஏற்றி எறிந்த ஒரு மூன்று புள்ளி ஷொட்டால் 74க்கு 74 என்று சமன் செய்தது. மிச்சமிருந்தது 4.7 செக்கன்கள். வில்லனோவா டைம் அவுட் எடுத்தது.

இந்த இடத்தில் வீடியோவை நிறுத்தி, "நீ என்ன செய்வாய்?" என்று நானா கேட்டார். பெரும்பாலான அணிகள் செய்வதைத்தான் நானும் சொன்னேன். சிறந்த ஆளிடம் பந்தைக் கொடுத்து, மற்ற நான்கு பேரும் விலகி நின்று, அவர் விட்ட வழி என்று பார்த்துக்கொண்டிருப்பது. அதில் ஒரு வசதி இருக்கிறது. தோற்றால் பழி ஒருவருக்கு மட்டும்தான். ஒரு பெரிய குறையும் இருக்கிறது. எதிரணியின் ஐந்து பேருக்கும் யாரைப் பார்ப்பது என்ற சந்தேகமே இருக்காது.

வில்லனோவாவின் பயிற்றுவிப்பாளர் ஜே ரைட் அந்த டைம் அவுட்டில் புதிதாக ஒன்றும் சொல்லிக் கொடுக்கத் தேவையிருக்கவில்லை. இப்படிப்பட்ட செக்கன்களுக்கென்றே அவர்களிடம் ஓர் ஆட்டம் இருந்தது. அதன் பெயர் 'நோவா'. பயிற்சியில் திரும்பத் திரும்பச் செய்து பழகியது. கிரிஸ் ஜென்கின்ஸ் கோட்டுக்கு வெளியே நின்று பந்தை உள்ளே எறிய வேண்டும். ரயன் ஆர்ச்சிடியாக்கனோ அதை வாங்கி முழு வேகத்தில் மேலே ஓட வேண்டும். இரண்டு பேர் முன்னால் ஓரங்களுக்குப் போய், தங்களை மறிப்பவர்களையும் அங்கேயே வைத்திருக்க வேண்டும். உயரமான டானியல் ஒச்செஃபு நடுக்கோட்டுக்குக் கிட்ட ஸ்க்ரீன் போட வேண்டும், அதாவது ஆர்ச்சிடியாக்கனோவைத் துரத்தி வருபவரின் வழியில் தூண்போல அசையாமல் நிற்க வேண்டும். ஆட்டம் தொடங்குமுன் ஒச்செஃபு செய்த வேலையைப் பாருங்கள். தான் நிற்கப் போகும் இடம் வியர்வையில் நனைந்திருக்கிறது என்று துடைப்பானை வாங்கித் தானே தரையைத் துடைத்தார். இறுதிப் போட்டி, 4.7 செக்கன், அவர் தரை துடைக்கிறார்! எனக்கு அந்தக் காட்சி மிகவும் பிடித்துவிட்டது.

யார் ஷொட் எடுப்பது என்று மட்டும் அந்த ஆட்டத்தில் எழுதப்படவில்லை. பந்தைக் கொண்டு போகிறவர்தான் ஓடிக்கொண்டே தீர்மானிக்க வேண்டும். தானே எறியலாம், ஓரத்துக்குக் கொடுக்கலாம், பின்னால் வருகிறவருக்குக் கொடுக்கலாம். பின்னால் வருவது யார்? பந்தை உள்ளே எறிந்தவர். இதில்தான் சூட்சுமம். எறிந்தவர் ஒரு கணம் மைதானத்துக்கு வெளியே நிற்கிறார். பந்து போன பக்கம் எல்லோருடைய கண்ணும் போய்விடுகிறது. அவரைக் காக்க வேண்டியவரும் பந்தின் பின்னால் இழுபட்டு விடுகிறார். மைதானத்திலேயே மிகவும் மறக்கப்பட்ட ஆள் அவர்தான்.

அன்றும் அப்படியே நடந்தது. ஆர்ச்சிடியாக்கனோ ஓடினார். ஒச்செஃபுவின் ஸ்க்ரீனைத் தாண்டினார். கரோலினாக்காரர்கள் அவரை நோக்கிச் சாய்ந்தார்கள். அவர் கையைத் தாழ்த்திப் பந்தைப் பின்பக்கமாகத் தள்ளினார். ஜென்கின்ஸ் வந்து வாங்கிய வேகத்திலேயே மூன்று புள்ளிக் கோட்டுக்கு நன்றாக வெளியே நின்று எறிந்தார். பந்து கையை விட்ட பிறகுதான் நேரம் முடிந்து விளக்கு எரிந்தது. 77க்கு 74. வில்லனோவாவுக்கு 1985க்குப் பிறகு கிடைத்த முதல் பட்டம்.

"இதுல ஒரு விஷயம் தெரியுமா? அது ஆர்ச்சிடியாக்கனோட கடைசி மெட்ச். கடைசி வருஷம்" என்றார் நானா. "அவருக்கும் தானே அடிக்கத்தான் ஆசை. ஆனா பின்னால யாரோ கத்துறது கேட்டதாம். மெட்ச் முடிஞ்ச பொறகு அவரே சொன்னார். ஜென்கின்ஸ், 'ஆர்ச்! ஆர்ச்!' எண்டு கத்திக்கொண்டே வந்திரிக்கார்."

நான் எழுந்து அறைக்குப் போய்விட்டேன். தன் அணி தோற்றதைக் காட்டி என்னை ஆறுதல்படுத்தப் பார்த்த நானாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

எழுபத்துநாலாயிரம் பேர் இரையும் இடத்தில் அவருக்குக் கேட்டது. எங்கள் மைதானத்தில் அன்று நூறு பேர்கூட இருக்கவில்லை.

இரண்டு நாட்கள் கழித்து, இடைவேளையில் ஒன்பதைத் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னேன். எப்படிச் சொல்வது என்று இரவெல்லாம் வசனம் அமைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. "அண்டக்கி எனக்கு கேட்டிச்சி" என்று மட்டும் சொன்னேன்.

எதைச் சொல்கிறேன் என்று அவளுக்கு உடனே விளங்கியது. ஏசுவாள் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் நல்லது. நீண்ட நேரம் குழாயைத் திறப்பதும் மூடுவதுமாக நின்றுவிட்டு, "அப்ப ஒங்கட உம்மா தச்சது?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இருக்கவில்லை. மணி அடித்தது. வகுப்புக்குப் போனோம். அந்தக் கிழமை அவள் பயிற்சிக்கு வரவில்லை. அடுத்த கிழமை வந்தாள். உம்மா தைத்ததைத்தான் கட்டியிருந்தாள். நாங்கள் இரண்டு பேரும் மீண்டும் அதைப் பற்றிப் பேசவில்லை. பேசாததால் அது முடிந்துவிட்டது என்றும் சொல்ல மாட்டேன்.

மிஸ்ஸிடம் அந்த வீடியோவைக் காட்டினேன். ஒவ்வொரு நாளும் பயிற்சியின் கடைசிப் பத்து நிமிடத்தை அதற்கென்று கொடுத்தார். முதல் கிழமை அது ஆட்டமாகவே இருக்கவில்லை, பகிடியாக இருந்தது. ஸ்க்ரீன் போடுகிறவள் கடைசி நேரத்தில் அரையடி அசைந்துவிடுவாள். அசைந்தால் பவுல். ஓரத்துக்குப் போக வேண்டியவர்கள் ஆசையில் நடுவுக்கு வந்துவிடுவார்கள், தங்களை மறிப்பவர்களையும் கூட்டிக்கொண்டு. ஒன்பது ஒன்றில் எனக்கு மிகக் கிட்ட வந்து மோதுவாள், இல்லாவிட்டால் எட்ட நின்றுவிடுவாள். நான் அவள் வருகிறாளா என்று திரும்பிப் பார்ப்பேன். திரும்பிப் பார்த்தால் எதிரணிக்கும் விளங்கிவிடும். "பார்க்காதே. கேள்" என்று மிஸ் சொல்வார். பந்தைத் தட்டிக்கொண்டு ஓடும்போது ஒரே ஒரு குரலைத் தேடிக் கேட்பது, வேறு எல்லாவற்றையும் விடக் கடினமாக இருந்தது. எங்கள் மைதானம் சீமெந்துத் தரை. மணல் வந்து படியும், கால் வழுக்கும். ஸ்க்ரீன் போடுகிறவள், அவள் இலக்கம் பதினொன்று, தும்புத்தடியைக் கொண்டுவந்து தன் இடத்தைக் கூட்டிவிட்டுத்தான் நிற்பாள். ஒச்செஃபுவைப் பற்றி அவளிடம் நான் சொன்னதன் விளைவு.

அந்த ஆட்டத்துக்கு நாங்கள் வைத்த பெயர் 'ஒன்பது'.

வாப்பா யோசித்து, இந்த வருடமும் விளையாட விட்டார். பரீட்சைப் புள்ளிகள் குறையக் கூடாது என்ற நிபந்தனையோடு. அரையிறுதியில் 28க்கு 28 என்று நின்றபோது ஆறு செக்கன்கள் இருந்தன. மிஸ் டைம் அவுட் எடுத்தார். எங்களை வட்டமாக நிறுத்தி, ஒரு விரலைக்கூட உயர்த்தாமல், "ஒன்பது" என்று மட்டும் சொன்னார். பதினொன்று சப்பாத்தின் அடியால் தரையைத் தேய்த்துப் பார்த்தாள்.

ஓடினேன். நடுக்கோட்டில் ஸ்க்ரீனைத் தாண்டினேன். சென்ற வருடம்போலவே இரண்டு பேர் வந்தார்கள். வளையம் தெரிந்தது. எறியலாம் போலவும் இருந்தது, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். பின்னாலிருந்து, "நாலு!" என்று கேட்டது. பந்தைப் பின்னால் தள்ளினேன்.

ஒன்பது நன்றாகத்தான் எறிந்தாள். பந்து வளையத்தின் மேல் ஒரு சுற்றுச் சுற்றியது. இப்போதும் கண்ணை மூடினால் அந்தச் சுற்று தெரிகிறது. பிறகு வெளியே விழுந்தது. மேலதிகமாக ஐந்து நிமிடம் ஆடினோம். மூன்று புள்ளிகளால் தோற்றோம்.

வேனில் ஏறியதும் வாப்பா அழைப்பெடுத்தார். "வெண்டீங்களா மகள்?" "இல்ல வாப்பா." "சரி சரி, கவனமா வாங்க. உம்மா சாப்பாடு வெச்சிக்கிட்டிருக்கா." ஒன்பது யன்னல் பக்கம் இருந்தாள். அழுது முடித்திருந்தாள். பாதி வழியில் என் பக்கம் திரும்பி, "கேட்டிச்சா?" என்று கேட்டாள்.

"கேட்டிச்சி" என்றேன்.

இனி எனக்கு விளையாட்டு இல்லை. உயர்தரப் பரீட்சைக்கு நாட்கள் எண்ணப்படுகின்றன. நாலாம் இலக்கத்தைப் பத்தாம் வகுப்புத் தங்கை ஒருத்தி வாங்கியிருக்கிறாள். நல்ல வேகம். திரும்பிப் பார்க்கும் பழக்கம் மட்டும் இன்னும் போகவில்லை.

உம்மாவிடம்தான் நான் இன்னும் சொல்லவில்லை. பலமுறை சொல்ல வாயெடுத்தேன். மெஷினின் மேல் மிச்சத் துணி மடித்து வைத்திருப்பதைக் கண்டால் நாக்கு எழாது. இந்த மலர் அச்சாகி வீட்டுக்கு வந்தால் உம்மா வாசிப்பார். அவர் எதையும் முதல் பக்கத்திலிருந்துதான் வாசிப்பார், ஆசிச்செய்தி ஒன்றையும் விடமாட்டார். ஒருநாளைக்கு நாலு பக்கம், பகல் சமையல் முடிந்தபிறகு. என் பக்கத்துக்கு வர ஒரு கிழமையாவது பிடிக்கும். அதற்குள் சொல்லிவிட வேண்டும்.